பதினாலு ஊசி, முப்பது குப்பி

1

அப்பாவின் உடம்பில் விலங்கின் மூளை இரண்டு முறை ஏறியிருக்கிறது. இரண்டு முறையும் அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதல் முறை சொல்லாதவர் யாரென்று தெரியாது. இரண்டாவது முறை சொல்லாதவன் நான்.

முதல் முறை, 1966. அப்பாவுக்கு ஒன்பது வயது. காமயகவுண்டன்பட்டியில் ஓடைக்கரையோரம் போகும்போது நாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. கடித்த நாய் மறுநாள் கண்ணில் படவில்லை. தாத்தா பயந்துபோய் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பதினாலு நாள், நாளுக்கு ஓர் ஊசி, தொப்புளைச் சுற்றி. அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தில் மணி காட்டுவதுபோல வயிற்றில் விரலை வைத்து வைத்துக் காட்டுவார். "இங்க ஒன்னு. இங்க ரெண்டு. ஏழாவது நாளு வயிறு பலகையாட்டம் ஆயிருச்சு. எட்டாவது ஊசிக்கு நாலு பேரு புடிச்சாங்க." பதினாலு முடிந்த அன்று தாத்தா வாங்கிக்கொடுத்த மிக்சர் பொட்டலத்தோடு கதை முடியும்.

எங்கள் தலைமுறைக்கும் நாய்க்கடி என்றால் பதினாலு ஊசிதான். தெருநாயிடம் வம்பு செய்தால் அம்மாக்கள் அதைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்கே தெரிந்தது முப்பத்தி மூன்று வயதில், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் வராந்தாவில், வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது.

2

நவம்பர் 2021. கொரோனா வந்ததிலிருந்து பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு கம்பத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியறைதான் அலுவலகம். அன்று இரவு அமெரிக்கக் குழுவோடு ஒரு வெளியீட்டு வேலை இருந்தது. படுக்கும்போது மூன்று மணி.

காலை ஆறு மணிக்கு அம்மாவின் அலறல். அப்பா கட்டிலில் பாதி உடம்பு கீழே சரிந்து கிடந்தார். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. வலது கையும் வலது காலும் அவருடையவை அல்லாத மாதிரி தொங்கின. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். சொல்லாக எதுவும் வரவில்லை.

கம்பத்தில் ஒரு கிளினிக், தேனியில் ஒரு சி.டி. ஸ்கேன், பிறகு ஆம்புலன்ஸில் மதுரை. சின்னமனூர் தாண்டும்போது மழை. கம்பத்திலிருந்து மதுரை நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல். போய்ச்சேரும்போது பத்தரை மணி. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்ததைப் பாத்தீங்க?"

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டி அடைத்தால் அதைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அடைப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்த வாதத்துக்குத் தொடக்க நேரம் தெரியாது. அதனால் ஆளைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கிடுவார்கள். ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் செத்துக்கொண்டிருக்கும் என்று 2006-இல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை கணக்குப் போட்டுச் சொல்கிறது.

"ராத்திரி பத்து மணி" என்றாள் அம்மா. படுக்கப் போனபோது பார்த்தது. டாக்டர் தலையசைத்தார். கரைக்கும் ஊசிக்கான நேரம் போய்விட்டது.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது இது: இரண்டு மணி வாக்கில், ஹெட்போனுக்கு வெளியே, கீழே சொம்பு உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு காதைத் திறந்து கேட்டேன். பிறகு மூடிக்கொண்டேன். திரையில் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது இறங்கிப் போயிருந்தால்? இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்குள் மதுரை. காலியான சாலை. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

3

இரண்டாம் நாள் மாத்திரைச் சீட்டோடு ஒரு புதிய ஊசியின் பெயர் வந்தது. செரிப்ரோலைசின். பத்து மில்லி குப்பி, நாளைக்கு மூன்று, நூறு மில்லி சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாக. பத்து நாள்.

"செத்துப்போன செல்லைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சுத்தி இருக்குறதைக் காப்பாத்தும், புது இணைப்பு வளரும்னு சொல்றாங்க. விலை கொஞ்சம் கூட. உங்க விருப்பம்" என்றார் பெரிய டாக்டர்.

"உங்க விருப்பம்" என்பதைவிடக் கனமான ஒரு வாக்கியத்தை மருத்துவமனையில் நான் கேட்டதில்லை. பத்து நாளுக்கான செலவு அப்பாவின் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இருபது கிலோ ஏலக்காய். அப்பா நாற்பது வருடம் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. எங்கள் வீட்டில் எல்லாமே ஏலக்காயில்தான் அளக்கப்படும். என் பொறியியல் படிப்பு உட்பட. நான் யோசிக்கவே இல்லை. "போடுங்க டாக்டர்" என்றேன்.

பழுப்புக் கண்ணாடிக் குப்பி. உள்ளே தேன் கரைத்த தண்ணீர் மாதிரி மஞ்சள் திரவம். நர்ஸ் கழுத்தை உடைத்து உறிஞ்சி சலைனில் ஏற்றியதும் சலைன் முழுக்க மெல்லிய மஞ்சள் படர்ந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் அப்பாவின் கட்டைவிரல் லேசாக அசைந்தது. "பாத்தியா, ஊசி வேலை செய்யுது" என்றாள்.

அன்று இரவு வராந்தாவில் உட்கார்ந்து, குப்பைக் கூடையிலிருந்து எடுத்துவைத்த அட்டைப்பெட்டியில் இருந்த தாளைப் பிரித்தேன். எறும்பு எழுத்து. ஒரு மில்லியில் 215.2 மில்லிகிராம், பன்றி மூளையிலிருந்து எடுக்கப்பட்ட பெப்டைடு. முப்பது மில்லிக்குப் பெருக்கினேன். ஒரு நாளைக்கு ஆறரை கிராம்.

எங்கள் வீட்டில் கறி உண்டு. ஆனால் பன்றிக்கறி வாசல்படி ஏறியதில்லை. அப்பா வருடம் தவறாமல் மாலை போட்டு சபரிமலை போகிறவர். கார்த்திகை பிறந்திருந்தது. அந்த வருடம் மாலை போட முடியவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை.

4

நான் சம்பளம் வாங்குவது பிழை கண்டுபிடிக்க. ஒரு நிரல் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பதுதான் என் தொழில். அந்தக் கேள்வியை "போடுங்க டாக்டர்" என்று சொல்வதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். நான்காம் நாள் இரவுதான் கேட்டேன்.

மருந்து ஆஸ்திரிய நாட்டுத் தயாரிப்பு. பன்றி மூளையிலிருந்து கொழுப்பை நீக்கி, மிஞ்சும் புரதத்தை நொதிகளால் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். கிடைப்பது சின்னச் சின்னப் பெப்டைடுகளும் உதிரி அமினோ அமிலங்களும். மூளை தன் செல்களை வளர்க்கவும் காக்கவும் சில புரதங்களைச் சுரக்கிறது; இந்தத் துண்டுகள் அவற்றைப்போல நடந்துகொள்கின்றன, மூளையைச் சுற்றியிருக்கும் தடுப்பையும் கடந்து உள்ளே போகின்றன என்பது சொல்லப்படும் விளக்கம். ஆய்வுக்கூட எலிகளில் நல்ல முடிவுகள் இருக்கின்றன. ரஷ்யா, சீனா, கிழக்கு ஐரோப்பா, இந்தியா எனப் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அனுமதி கிடையாது.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில்தான் சிக்கல். பக்கவாதத்தில் மூளையைக் காப்பாற்றும் என்று முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகளை 2006-இல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. 1,026. அத்தனையில் மனிதர்களிடம் உறுதியாக நின்றவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும், அவற்றிலும் முக்கியமானது கட்டியைக் கரைப்பது. மிச்சவற்றின் பலன் மனிதர்களிடம் உறுதிப்படவில்லை. 'மூளை டானிக்' என்று நம் ஊரில் சரளமாக எழுதப்படும் சிட்டிகோலினையும் 2,298 பேரிடம் சோதித்து, 2012-இல் முடிவு வந்தது: போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அதே 2012-இல்தான் செரிப்ரோலைசினின் பெரிய ஆசிய ஆய்வும் வந்தது. 1,070 நோயாளிகள். நாளைக்கு முப்பது மில்லி, பத்து நாள். அப்பாவுக்கு எழுதப்பட்ட அதே அளவு. தொண்ணூறு நாள் கழித்து எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் நன்மை இருப்பதுபோலத் தெரிகிறது என்றார்கள். முடிவு வந்தபிறகு கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு மூலையில் நல்ல செய்தி கிடைக்கத்தான் செய்யும். அலுவலகத்தில் நானே அப்படி அறிக்கை தயாரித்திருக்கிறேன். 2016-இல் இன்னொரு ஆய்வு: 208 பேர், இருபத்தியொரு நாள், உடற்பயிற்சியோடு சேர்த்து. கையின் அசைவு நன்றாகவே முன்னேறியது என்று முடிவு. பணம் கொடுத்தது மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம்.

பிறகு காக்ரேன். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் அமைப்பு. 2020 தொகுப்பில் தேறியவை ஏழு ஆய்வுகள், 1,601 பேர். சாவைத் தடுப்பதில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. உயிர் போகாத, ஆனால் தீவிரமான பக்கவிளைவுகள் மருந்து போட்டவர்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கலாம். இந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் மருந்தை ஒதுக்கிவைத்த நாட்டுக்காரர்கள் அல்லர். அது தாராளமாகப் பயன்படும் ரஷ்யாவில் இருந்தவர்கள் என்பது என்னை அதிகம் உலுக்கியது.

விலங்கு மூளை, ஊசி, இந்தியா என்று தேடிக்கொண்டே போனபோதுதான் பதினாலு ஊசி கிடைத்தது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்து, அப்படியே ஊசியில் ஏற்றுவது. தெற்கே குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் இதைத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தது. எத்தனையோ லட்சம் பேரை அது காப்பாற்றியது. கூடவே ஒரு விலையும் கேட்டது. ஆட்டு மூளையில் இருக்கும் நரம்புறைப் பொருளைப் பகையாகக் கண்டுகொள்ளும் உடம்பு, சிலரிடம், தன் சொந்த நரம்புறையையும் அதே பகையாக நினைத்துத் தாக்கிவிடும். நாய்க்கடிக்கு ஊசி போட்டவர் கைகால் விழுந்து படுப்பார். இந்தியா 2004-ஆம் ஆண்டின் முடிவோடு அந்தத் தடுப்பூசியை நிறுத்தியது. இப்போது போடுவது செல்களில் வளர்த்த தடுப்பூசி. கையில், நாலைந்து ஊசியோடு முடிந்துவிடும்.

ஒன்பது வயதில் ஒரு மூளை அவரை முடக்கியிருக்கலாம், முடக்கவில்லை. அறுபத்தி நான்கு வயதில் இன்னொரு மூளை முடங்கியவரை எழுப்பலாம் என்கிறார்கள், எழுப்புமா தெரியவில்லை. ஆனால் முதல் ஊசியைப் போட்டவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. வெறிநோய் வந்துவிட்டால் சாவு நிச்சயம். அந்த ஊசி வேலை செய்தது. ஆபத்து தெரிந்தே எடுத்த கணக்கு. இந்தக் குப்பியில் அந்தக் கணக்கே இல்லை.

பன்றி என்பதல்ல பிரச்சினை என்பதும் அந்த இரவில்தான் புரிந்தது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் என்று அப்பாவுக்குத் தினம் ஒரு சின்ன ஊசி போட்டார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில், தோலுக்கடியில். இனாக்ஸாபாரின். அது பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து வருகிறது. அது வேலை செய்யும் என்பதற்குத் திடமான ஆதாரம் இருக்கிறது. ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகளைப் பிழைக்கவைத்த பன்றி இன்சுலினுக்கும் நம் இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். பன்றி நமக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. கேள்வி, இந்தப் பழுப்புக் குப்பியில் கொடுத்திருக்கிறதா என்பதுதான்.

5

ஐந்தாம் நாள் பெரிய டாக்டரைத் தனியே பிடித்தேன். படித்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நானும் படிச்சிருக்கேன் தம்பி. நிறுத்தச் சொன்னா இன்னைக்கே நிறுத்திடறேன். ஆனா ஒன்னு. அப்பாவுக்குக் கை வரலேன்னு வைங்க. அன்னைக்கு உங்கம்மா கேப்பாங்க, மீதி ஊசியையும் போட்டிருக்கலாமேன்னு. அதுக்கு நீங்க பதில் சொல்லிக்குவீங்களா?"

அம்மாவுக்கு என்ன, எனக்கே என்னால் பதில் சொல்ல முடியாது. மருத்துவமனையில் யாருக்கும் தெரியாத ஒரு கணக்கு என்னிடம் இருந்தது. சொம்பு உருண்ட சத்தம். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் போன நாலு மணி நேரத்துக்கு யாராவது விலை சொன்னால் கொடுக்கத் தயாராக இருந்தேன். அந்த மருந்து அதற்கு ஒரு விலை சொன்னது. இருபது கிலோ ஏலக்காய்.

"தொடருங்க டாக்டர்" என்றேன். முப்பது குப்பியும் ஏறியது.

என்னைப்போல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசிக்கிறேன். மருந்து விற்பவர்களின் ஆசை, டாக்டர்களின் பழக்கம் என்றெல்லாம் எழுதலாம், பொய்யில்லை. ஆனால் ஊசியை வாங்குவது நோயாளி அல்ல, வராந்தாவில் நிற்கும் மகன். அவன் கையில் ஒரு செல்போன், பையில் ஒரு கார்டு, நெஞ்சில் ஒரு சொம்பு. அவனிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

6

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா தன் வைத்தியத்தை ஆரம்பித்தாள். வாரம் இரண்டு நாள் ஆட்டு மூளை, மிளகு தூக்கலாகப் போட்டு வறுவல். பிளஸ் டூ படிக்கும்போது கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் எனக்கும் அதைத்தான் செய்துகொடுத்தாள். மூளைக்கு மூளை. இந்தத் தர்க்கத்துக்கும் பழுப்புக் குப்பிக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வறுவலில் செலவு குறைவு, ருசி உண்டு.

நான் என் வைத்தியத்தை ஆரம்பித்தேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை அட்டவணையாக்கி, காலையும் மாலையும் அரை மணி நேரம். சிறிய பொருள்களைப் பொறுக்கப் பழக்கச் சொல்லியிருந்தார். பயறு, பட்டாணி எல்லாம் அப்பா தொடவே இல்லை. ஒருநாள் அவருடைய பழைய கடையிலிருந்து ஒரு கிலோ ஏலக்காய் வாங்கிவந்து முறத்தில் கொட்டினேன். முகம் மாறியது. எட்டு எம்.எம். காயையும் ஏழு எம்.எம். காயையும் சல்லடை இல்லாமல் விரலாலேயே பிரிக்கிற ஆள் அவர். போடி ஏலத்துக்குப் போகும்போது ஒரு காயை உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். இடது கையால் ஒரு காயை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தார். மூட முடியவில்லை. விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார்.

பேச்சு வரவில்லை, ஆனால் எண்கள் வந்தன. "தண்ணி" என்று கேட்க முடியாதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நாற்பதுவரை தடங்காமல் சொல்வார். மூளையின் இடப்பக்கம் அடிபட்டவர்களுக்கு இப்படி ஆகுமாம். புதிதாகச் சொல் தேடுவது ஒரு வேலை, பழகிய வரிசையை ஓட்டுவது வேறு வேலை. நாற்பது வருடம் மூட்டை எண்ணியவரிடம் எண்கள் மட்டும் மிச்சமிருந்தன. காய்களை எண்ணியபடியே பொறுக்கினார்.

நாலாவது மாதம் வலது கையின் மூன்று விரல்கள் ஏலக்காயைப் பிடித்தன. ஆறாவது மாதம் கோலோடு தெருமுனை வரை போனார். சின்னச் சின்னச் சொற்கள் திரும்பின. "டீ." "போதும்." "மழை." சில நேரம் சொல் மாறிப்போகும். கண்ணாடியைக் கேட்க நினைத்துச் செருப்பு என்பார்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, ஊசியும் கௌமாரியம்மனும். எனக்கும் சந்தேகமில்லை, ஏலக்காயும் அட்டவணையும். ஊசி வேலை செய்யவில்லை, நான் வேலை செய்தேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தக் கணக்கில் சொம்புச் சத்தம் கொஞ்சம் கழிந்துபோயிருந்தது.

அதற்கும் ஆதாரம் தேடிப் பார்த்தது என் குணக்கேடு. நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. பதினான்கு மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பக்கவாதம் வந்தவரின் வீட்டு ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி செய்யவைத்தால் பலன் இருக்குமா என்று. 2017-இல் லான்செட்டில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே இருப்பவர்கள், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம். பெறாத குடும்பங்களில் 47 சதவீதம்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குப்பிக்கு எந்த உரைகல்லோ அதே உரைகல்தான் என் முறத்துக்கும். முதல் மூன்று மாதங்களில் மூளை தானாகவே நிறையச் சரிசெய்துகொள்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நின்றாலும், ஊசியோ அம்மனோ மகனோ, புகழ் அவர்களுக்குப் போய்விடுகிறது. அலுவலகத்தில் ஒரு மாற்றம் பலன் தருகிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்ப்போம். அப்பா ஒரே ஒருவர். ஊசி போடாத அப்பா, ஏலக்காய் பொறுக்காத அப்பா, இரண்டு மணிக்கே மதுரைக்குக் கிளம்பிய அப்பா என்று யாரும் இல்லை.

பயிற்சியை நிறுத்தவில்லை. அந்த ஆய்வு அளந்தது சாவையும் சார்ந்திருப்பதையும். காலையும் மாலையும் அரை மணி நேரம் அப்பாவும் நானும் ஒரே முறத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை அது அளக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை, ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை இவற்றைத் தவறாமல் கொடுப்பதை மட்டும் கணக்காக வைத்துக்கொண்டேன். அடுத்த வாதத்தைத் தள்ளிப்போடும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற, மலிவான, யாரும் கும்பிடாத மருந்துகள் அவை.

7

2023-இல் ஒரு நாள் காலை ராவுத்தர் மாமா போன் செய்தார். அப்பாவின் ஐம்பது வருடச் சிநேகிதர். உத்தமபாளையத்துக்காரர். அப்பாவுக்கு மச்சான், எங்களுக்கு மாமா. அத்தைக்கு வாதம் வந்து மதுரையில் சேர்த்திருந்தார்கள்.

"மருமகனே, உங்கப்பனுக்குப் போட்ட ஊசி பேரு என்னப்பா? மஞ்சளா இருக்குமே. உங்கம்மா அதுலதான் எந்திரிச்சாருன்னு சொல்லுச்சு. இங்க கேட்டா, வேணும்னா போடலாம்ங்கிறாங்க."

பெயரைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஒன்றரை வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை இவரிடம் மறைக்க முடியாது என்று தோன்றியது. அப்பாவுக்கு மறைத்தது பழக்கம் சார்ந்தது. இவர்களுக்கு அது மார்க்கம் சார்ந்தது.

"மாமா, அது பன்றி மூளையில இருந்து எடுக்குறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். "உசுருக்கு ஆபத்துன்னா, ஹலால்ல வேற மருந்து இல்லேன்னா, குத்தமில்லன்னாரு. அதனால ரெண்டே கேள்வி மருமகனே. இதைப் போடலேன்னா அவளுக்கு உசுருக்கு ஆபத்தா? இதைப் போட்டாத்தான் எந்திரிப்பாளா?"

நான் ராத்திரியெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்துவைத்துச் சுற்றிச் சுற்றிக் கேட்டது இந்த இரண்டு கேள்விகளைத்தான். அவருடைய ஹஜ்ரத் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டார். விலக்கப்பட்டதைத் தொட வேண்டுமானால் அது அவசியம் என்று காட்டு. வேறு வழியில்லை என்று காட்டு. மருந்துக்கு அனுமதி கொடுப்பவர்களும் காசு கொடுக்கும் மகன்களும் இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது.

"ரெண்டுக்குமே இல்லைதான் மாமா. ஆயிரம் பேருக்குப் போட்டுப் பாத்ததுல, போடாதவங்களைவிடப் பெருசா வித்தியாசம் தெரியல. ஆனா ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஒரு ஊசி போடுவாங்க. அதுவும் பன்றிதான். அது தேவையான ஊசி. அதுக்கு மாத்து இருக்கான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க."

"அப்ப உங்கப்பன் எப்படிப்பா எந்திரிச்சான்?"

"தெரியல மாமா."

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாமா சிரித்தார். "இன்ஜினியரு தெரியலன்னு சொல்லிக் கேக்குறது இதுதாம்ப்பா மொதல் தடவை."

அத்தைக்கு அந்த ஊசி போடவில்லை. அந்தப் பணத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்தார். அத்தை இப்போது கைப்பிடியைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். இடது கை வரவில்லை. ஊசி போட்டிருந்தால் வந்திருக்குமோ என்று மாமா ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. நான்தான் உத்தமபாளையம் போகும்போதெல்லாம் மடியில் கிடக்கும் அந்தக் கையை முதலில் பார்க்கிறேன். ஆதாரம் என் பக்கம் இருக்கிறது. இருந்தும் பார்க்கிறேன்.

8

போன மாசி மாதம், ஒரு சாயங்காலம். திண்ணையில் முறத்தோடு அப்பா. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும் சத்தம். மாமாவிடம் சொன்னதை இவரிடம் சொல்லாமல் இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

"அப்பா, சின்ன வயசுல போட்டாங்கல்ல பதினாலு ஊசி. அது ஆட்டு மூளையை அரைச்சு எடுத்தது."

நிமிர்ந்து பார்த்தார். இடது கை தன்னால் தொப்புள் பக்கம் போனது.

"மதுரையில பத்து நாள் போட்டது பன்னி மூளை. எனக்கு அப்பவே தெரியும். சொல்லல."

வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. வாய் ஏதோ ஒரு சொல்லைத் தேடியது. கிடைக்கவில்லை. ஒரு காயை எடுத்து, வலது கையின் மூன்று விரல்களுக்கிடையில் உருட்டி, எட்டு எம்.எம். குவியலில் போட்டார். "ஆடு" என்றார். இன்னொரு காய். "பன்னி." தோளை ஏற்றி இறக்கினார். அவ்வளவுதான் அந்த விஷயத்துக்கு அவர் கொடுத்த இடம்.

அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னேன். "அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குச் சொம்பு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சுப்பா. நான் இறங்கி வரல."

அப்பாவின் கை நின்றது. என்னைப் பார்த்து, மிகத் தெளிவாக, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"பூனை."

அன்று சொம்பைத் தட்டிவிட்டது உண்மையிலேயே பூனையாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்குப் பூனை வருவது உண்டு. அல்லது என்னைத் தேற்றுவதற்காக அப்பா சொன்ன பொய்யாக இருக்கலாம். அல்லது வேறெதையோ சொல்ல வந்து, கண்ணாடி செருப்பாவதுபோல, வாயில் பூனையாக மாறியிருக்கலாம். எதுவென்று நான் கேட்கவில்லை. அவர் மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டார். நானும் குனிந்து ஏழு எம்.எம். காய்களைப் பொறுக்கினேன்.